பெரியம்மாவைச் சாம்பலாக்கிய பிரஷ்

“ஏண்டி, நான் இன்னும் சாகலடி!”

எனக்குப் பின்னால் பிரம்பு நாற்காலியில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெரியம்மா போட்ட சத்தம் அது. திரையில் அவர் பெயர் இருந்த பெட்டி ஒரு நொடிக்கு முன்புவரை மங்களகரமான மஞ்சள். பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்கத்தான் அதன் மேல் சொடுக்கினேன். சொடுக்கியதும் பெட்டி சாம்பல் நிறமாகிவிட்டது, ஓரத்தில் விட்டு விட்டு ஓடும் கோடு வேறு. எங்கள் குடும்ப மரத்தில் அந்தச் சாம்பலும் விட்ட கோடும் காலமானவர்களுக்கு. அடுத்த வாரம் கணவரோடு சதாபிஷேகத்துக்கு மணையில் உட்காரப்போகிற சுமங்கலியை நான் சாம்பலாக்கிவிட்டேன். கன்ட்ரோல் இசட் போட்டு உடனே உயிர்ப்பித்தேன் என்றாலும், அன்று எனக்குக் காபி கிடைக்கவில்லை.

இதைச் செய்தது பவர்பாயிண்ட்டில் ஹோம் பட்டையின் இடது ஓரத்தில், வெட்டு, நகல் பொத்தான்களுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன பிரஷ். ஃபார்மேட் பெயின்டர் என்பது அதன் முழுப்பெயர். ஒரு பெட்டியின் நிறம், கரை, நிழல், எழுத்துரு எல்லாவற்றையும் வழித்தெடுத்து இன்னொரு பெட்டியின் மேல் பூசும். பல வருடமாகப் பயன்படுத்துகிறேன். ஆனால் 71 பெட்டிகளோடு மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டியது இப்போதுதான், அதனால் எழுதலாம் என்று தோன்றியது.

ரங்கூனில் ஒரு அச்சுக்கடையில் எனக்கு வேலை. கடை இருப்பது அனோரத்தா சாலைப் பக்கம். அப்பா இன்றைக்கும் அதை ஃப்ரேசர் தெரு என்றுதான் சொல்வார். கல்யாணப் பத்திரிகை, கோயில் பேனர், சாப்பாட்டுக் கடை மெனு அட்டை என்று நாள் முழுக்கத் திரை முன்னால் இருப்பவள் என்பதால் வீட்டில் இந்த மாதிரி வேலைகள் யாரும் கேட்காமலே என் தலையில் விழும். பெரியப்பாவுக்கு எண்பது நிறைகிறது, சொந்தக்காரர்கள் மௌல்மேனிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிறார்கள், சாப்பாட்டுக்கு அப்புறம் மண்டபத்து டிவியில் குடும்ப மரம் ஓட வேண்டும் என்றார்கள். சரி என்று உட்கார்ந்துவிட்டேன்.

நிறங்களை முடிவுசெய்தது பெரியப்பா. இருப்பவர்களுக்கு மஞ்சள். மறைந்தவர்களுக்குச் சாம்பல், விட்ட கோடு. 1964இல் கப்பலேறி மெட்ராஸ் போனவர்களுக்கு நீலக் கரை. ராணுவத் தளபதி நெ வின் 1962இல் ஆட்சியைப் பிடித்து, கடைகளையெல்லாம் அரசுடைமையாக்கி, 64 மே மாதம் 50 கியாத், 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று சொன்னபிறகு கிளம்பிய கூட்டத்தில் எங்கள் வீட்டில் பாதிப் பேர் உண்டு. ஆகவே நீலக் கரை ரொம்ப முக்கியம் என்றார் பெரியப்பா. ஊரில் தங்கியவர் யார், போனவர் யார் என்று பிள்ளைகள் ஒரே பார்வையில் பார்க்க வேண்டுமாம்.

பிரஷ்ஷை ஒருமுறை சொடுக்கினால் ஒரே ஒரு பெட்டிக்குத்தான் பூசும். இரண்டு முறை தொடர்ந்து சொடுக்கினால் பூட்டிக்கொள்ளும். பிறகு நாம் தொடுகிற ஒவ்வொரு பெட்டியும் நிறம் மாறிக்கொண்டே போகும், எஸ்கேப் அழுத்தும்வரை. இந்த இரட்டைச் சொடுக்கு தெரியாமல் ஒவ்வொரு பெட்டிக்கும் மேலே போய் பிரஷ்ஷை எடுத்து வந்துகொண்டிருந்த பையன் ஒருவன் எங்கள் கடையில் இருந்தான். சொல்லிக்கொடுத்ததும் என்னைத் தெய்வம் மாதிரி பார்த்தான். இத்தனை நல்ல விஷயத்தை, பொத்தான் மேல் அம்புக்குறியை நிறுத்தினால் மட்டும் தெரிகிற குட்டிக் குறிப்பில் ஒளித்து வைத்திருப்பது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

பூட்டிக்கொண்ட பிரஷ் விழித்திருக்கிறது என்பதற்கு நம் கண் போகிற இடத்தில் இருக்கும் அடையாளம், அம்புக்குறி பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் துளியூண்டு பிரஷ் படம். கரண்ட் இல்லாமல் பேட்டரியில் ஓட்டும்போது திரை வெளிச்சத்தைக் குறைத்துத்தான் வைப்பேன். அன்றும் அப்படித்தான், குறி கண்ணில் படவில்லை. கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி, அவர் தம்பிகள் என்று வரிசையாகச் சாம்பல் பூசிக்கொண்டே வந்தவள் எஸ்கேப்பை மறந்தேன். அடுத்த சொடுக்கு பெரியம்மா.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. தெருவே “மீ லாபி!”, அதாவது கரண்ட் வந்தாச்சு, என்று கத்தியது. பெரியம்மா தனக்கு உயிர் வந்ததற்குத்தான் ஊரே கத்துகிறது என்று சொல்லிச் சிரித்துவிட்டார், அதனால் தப்பித்தேன்.

பெட்டிகள் நிறைய இருந்தால் பிரஷ்ஷைவிடக் குறுக்குவிசை மேல். என்னிடம் இருப்பது 2016 பதிப்பு. மாதிரிப் பெட்டியைத் தேர்ந்துகொண்டு கன்ட்ரோல், ஷிஃப்ட், சி. பிறகு ஷிஃப்ட்டைப் பிடித்தபடி வேண்டிய பெட்டிகளை எல்லாம் மொத்தமாகத் தேர்ந்துகொண்டு கன்ட்ரோல், ஷிஃப்ட், வி. பத்துப் பேர் ஒரே அழுத்தில் மஞ்சளாவார்கள். முதலில் ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பார்த்துவிட்டுப் பூசுகிறோம் இல்லையா, அதனால் உயிரோடு இருப்பவர் மேல் கை தவறிப் படுகிற ஆபத்து குறைவு. பெரியம்மா சம்பவத்துக்கு அப்புறம் நான் இப்படித்தான் செய்கிறேன்.

என்னென்ன ஒட்டும், என்னென்ன ஒட்டாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். உள்நிறம், கரையின் நிறம், தடிமன், விட்ட கோடா முழுக் கோடா என்பது, நிழல், எழுத்துரு, எழுத்தின் அளவு, நிறம், நடுவில் நிற்பதா ஓரத்தில் நிற்பதா, இதெல்லாம் வரும். பெட்டியின் அகல உயரம், அது இருக்கும் இடம், அதன் உருவம், உள்ளே இருக்கும் சொற்கள் இவை வராது. வட்டத்திலிருந்து எடுத்துச் சதுரத்தில் பூசினால் சதுரம் சதுரமாகவே இருக்கும். அசைவுகளும் வராது. அதற்கென்று அனிமேஷன் பெயின்டர் என்று தனியாக இன்னொரு பிரஷ் 2010 பதிப்பிலிருந்தே இருக்கிறது. குடும்ப மரத்தில் ஆட்கள் பறந்து வரவேண்டாம் என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

என் கஷ்டம் வேறு. பிரஷ்ஷுக்கு எதையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. நிறம் மட்டும் வேண்டும், கரை வேண்டாம் என்று அதனிடம் சொல்ல வழியில்லை. சின்னத்தாத்தா 64இல் கப்பலில் போனவர், அங்கேயே காலமானவர். அவருக்குச் சாம்பல் பூசினால் நீலக் கரை போய்விடுகிறது. நீலக் கரை பூசினால் மஞ்சளாகி உயிர்த்தெழுகிறார். முதல் நாள் மாலை முழுவதும் சின்னத்தாத்தா பிழைப்பதும் போவதுமாக இருந்தார். மெட்ராஸ் போய் மறைந்தவர்கள் எங்கள் குடும்பத்தில் பதினாறு பேர்.

கடைசியில் நான் செய்தது இதுதான். தாளின் விளிம்புக்கு வெளியே, இடது பக்கத்துக் காலி இடத்தில், நான்கு மாதிரிப் பெட்டிகளை வரிசையாக நிறுத்திவைத்தேன். இங்கே இருப்பவர், இங்கே மறைந்தவர், போய் இருப்பவர், போய் மறைந்தவர். தாளுக்கு வெளியே கிடப்பது காட்சியில் தெரியாது, ஆகவே அழிக்கவும் தேவையில்லை. வர்ணம் அடிக்கிறவர் பக்கத்தில் டப்பாக்களை வைத்துக்கொள்வது மாதிரி. எந்தப் பெட்டிக்கு என்ன வேண்டுமோ அந்த டப்பாவில் பிரஷ்ஷைத் தொட்டுப் பூச வேண்டியதுதான். நிஜ ஆட்கள் இருக்கும் பெட்டியிலிருந்து பிரஷ்ஷை எடுப்பதையே விட்டுவிட்டேன், ஏனென்றால் அதில் நான் கையால் செய்த சின்னத் திருத்தம் ஏதாவது ஒளிந்திருந்து கூடவே வந்துவிடும்.

அப்படி ஒளிந்து வருவதில் மோசமானது எழுத்துரு. ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவர்கள் இந்தப் பிரஷ்ஷை ஏன் இப்படிப் புகழ்கிறார்கள் என்று எனக்கு இப்போது புரிகிறது.

சென்னையிலிருந்து சித்தப்பா மகன் தன் பக்கத்து ஆட்களைப் பெட்டி போட்டே அனுப்பியிருந்தான். நன்றாகத்தான் இருந்தது. நான் என் மாதிரிப் பெட்டியிலிருந்து பிரஷ்ஷைத் தொட்டு அவனுடைய முதல் பெட்டியில் பூசினேன். “தாத்தா” என்று இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகள் வந்து நின்றன. ஜே, ஹெச், ஜே, அரைப்புள்ளி, ஜே, ஹெச். அவன் பாமினியில் தட்டச்சு செய்திருக்கிறான். பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான். ஜே என்பதைத் ‘த’ மாதிரியும் ஹெச் என்பதைத் துணைக்கால் மாதிரியும் வரைந்து காட்டுவது எழுத்துருவின் வேலை. பிரஷ் எழுத்துருவை மாற்றிவிட்டால் வேஷம் கலைந்துவிடும். தாத்தா எங்கேயும் போகவில்லை, பாமினியைத் திரும்பப் போட்டால் வந்துவிடுவார். ஆனால் இருபத்திரண்டு பெட்டிகளுக்கு அப்படிப் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? எழுத்துரு மாறினாலும் தமிழ் தமிழாகவே நிற்கும் யூனிகோடுக்கு மாற்றி எடுத்து ஒட்டினேன். இரண்டு ராத்திரி போயிற்று.

பர்மா எழுத்திலும் இதே கதை. பிள்ளைகள் படிப்பது பர்மியப் பள்ளியில், தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். அதனால் ஒவ்வொரு பெட்டியிலும் மேலே தமிழில் பெயர், கீழே சின்னதாகப் பர்மியத்தில். நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது 2019 அக்டோபர் 1. அதற்கு முன்னால் ஊர் முழுக்க, யூனிகோடோடு ஒத்துப்போகாத ஜோஜி எழுத்துருதான். மௌல்மேன் அத்தை வீட்டிலிருந்து வந்த பழைய பட்டியல் ஜோஜியில் இருந்தது. பிரஷ் பட்டதும் உயிர்க்குறிகள் எல்லாம் இடம் மாறி உட்கார்ந்துகொண்டன. பாமினிக் குளறுபடியாவது ஆங்கிலமாகத் தெரிந்து காட்டிக்கொடுக்கும். ஜோஜி உடைந்தால் அதுவும் பர்மியம் மாதிரியே இருக்கும், அவசரத்தில் கண்ணுக்குத் தெரியாது. என் தம்பி மகள், எட்டு வயது, “அத்தை, இந்தத் தாத்தா பேரை வாசிக்க முடியலை” என்று சொன்னபிறகுதான் பார்த்தேன்.

எழுத்துருவெல்லாம் சரியான பிறகும் ஒரு தொல்லை மிச்சமிருந்தது. மேல் வரி 20, கீழ் வரி 14 என்று நான் வைத்திருந்த அளவுகள், முழுப் பெட்டிக்கும் பிரஷ் போட்டதும் ஒன்றாகிப் பர்மியப் பெயர் பெட்டியை விட்டு வெளியே வழிந்தது. எழுத்தை மட்டும் தேர்ந்து பிரஷ் எடுத்தால் எழுத்தின் வடிவம் மட்டும் வரும், நிறமும் கரையும் வராது, அது நல்ல வசதி. ஆனால் அதற்கு நேர் எதிரானது, நிறமும் கரையும் மட்டும் போய் எழுத்தைத் தொடாமல் விடுவது, கிடையாது. நான் வெறும் பெட்டியைத் தனியாகவும், அதன் மேல் நிறமில்லாத எழுத்துப் பெட்டியைத் தனியாகவும் வைத்துத் தப்பித்தேன். பிரஷ் கீழே இருக்கும் வெறும் பெட்டியோடு நின்றுவிடும். ஒன்றுக்கு இரண்டாக 142 பெட்டி ஆயிற்று, பரவாயில்லை.

எல்லாம் முடிந்தது என்று பெரியப்பாவிடம் காட்டினால், “மஞ்சள் டிவியில கண்ணை அடிக்குதும்மா, இளம்பச்சையா மாத்திடு” என்றார்.

அங்கேதான் பிரஷ்ஷின் நிஜமான குறை தெரிந்தது. பூசும்போது இருந்த நிறத்தைக் கொடுத்துவிட்டு அது போய்விடும். மாதிரிப் பெட்டியைப் பச்சையாக்கினால் அதிலிருந்து பூசிய மற்றவை மஞ்சளாகவேதான் இருக்கும். பெற்றுவிட்டுப் போன உறவு மாதிரி, பேர் மட்டும் மிச்சம். மறுபடி எல்லாவற்றையும் தேர்ந்து மறுபடி பூசு. நான் நிறத்தைத் தீம் நிறங்களிலிருந்து, அதாவது கோப்பு முழுவதற்கும் பொதுவான நிறத் தொகுப்பிலிருந்து, எடுத்திருந்தால், டிசைன் பட்டையில் போய் அந்த ஒரு நிறத்தை மாற்றினாலே எல்லாம் மாறியிருக்கும். எடுக்கவில்லை. கலர் கட்டத்தில் என் கண்ணுக்குப் பிடித்த மஞ்சளை நானே குழைத்திருந்தேன்.

கோபத்தில் தம்பியின் பழைய மடிக்கணினியில் லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ் போட்டுப் பார்த்தேன். இலவசம். அதிலும் இதே மாதிரி பிரஷ் உண்டு, இரட்டைச் சொடுக்கும் உண்டு, எஸ்கேப்பும் உண்டு. பெரியம்மாவைச் சாம்பலாக்க அதுவும் போதும். ஆனால் எஃப் 11 அழுத்தினால் வலது பக்கம் ஸ்டைல் பட்டியல் திறக்கிறது, விஷயம் அங்கே இருக்கிறது. ‘மறைந்தவர்’ என்று ஒரு ஸ்டைல் செய்து பெட்டிகளுக்குக் கொடுத்துவிட்டால், பிறகு ஸ்டைலை மாற்றும்போது அதைப் பெற்ற எல்லாப் பெட்டியும் கூடவே மாறும். அதைவிட எனக்குப் பிடித்தது, ஒரு ஸ்டைலுக்கு இன்னொன்றைப் பிள்ளையாக வைக்கலாம். ‘போய் மறைந்தவர்’ என்பதை ‘மறைந்தவர்’ என்பதன் பிள்ளையாக வைத்து நீலக் கரை மட்டும் சேர்த்தேன். தாயின் சாம்பலைக் கொஞ்சம் வெளிறச் செய்தால் பிள்ளையும் வெளிறும், நீலக் கரை அப்படியே நிற்கும். சின்னத்தாத்தா பிரச்சினை ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. ஏற்கெனவே பிரஷ்ஷாலோ கையாலோ நிறம் பூசிய பெட்டிக்கு ஸ்டைல் மாற்றம் ஏறாது. முதலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எம் போட்டுப் பழைய பூச்சைச் சுரண்டிவிட வேண்டும், நான் அரை மணி நேரம் முழித்த இடம் அது.

இம்ப்ரெஸ்ஸில் ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, நம் மாதிரி எழுத்துகளுக்கு ஒரு எழுத்துரு, அளவும் தனித்தனி. தமிழும் பர்மியமும் ஒரே கட்டத்துக்குள் வருகின்றன. தமிழுக்கு என்று நான் ஆசையாகத் தேர்ந்த எழுத்துருவில் பர்மிய எழுத்து இல்லாததால் கணினி தானே எதையோ எடுத்துப் போட்டுக்கொண்டது. அசிங்கமாக இல்லை, ஆனால் நான் கேட்டதும் இல்லை. இரண்டு வரியையும் தனித்தனி எழுத்துப் பெட்டியாக வைத்து வேறு வேறு ஸ்டைல் கொடுத்துவிட்டேன்.

ஒரு எச்சரிக்கை. இம்ப்ரெஸ்ஸில் செய்ததைப் பவர்பாயிண்ட் கோப்பாகச் சேமித்தால் நிறமெல்லாம் வரும், ஸ்டைல் உறவு வராது. மூலக்கோப்பை அதன் சொந்த வடிவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்துக்கு நான் பிடிஎஃப் ஆக்கித்தான் எடுத்துப்போனேன், அங்கே கணினியில் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

கூகிள் ஸ்லைட்ஸையும் ஒரு நாள் பார்த்தேன். கன்ட்ரோல், ஆல்ட், சி போட்டு எடுத்து, கன்ட்ரோல், ஆல்ட், வி போட்டுப் பூசலாம், மேலே பெயிண்ட் உருளைப் படமும் இருக்கிறது. சென்னைப் பக்கத்து ஆட்களைச் சித்தப்பா மகனே அங்கிருந்து திருத்தியிருப்பான், அது லாபம். எங்கள் தெருவில் கரண்ட்டும் நெட்டும் ஒரே நேரத்தில் இருந்தால் யோசிக்கலாம்.

இப்போது கடையில் பத்துப் பெட்டிக்குள் அடங்குகிற மெனு அட்டை, விலைப்பட்டியல் என்றால் பவர்பாயிண்ட் பிரஷ்தான் எடுக்கிறேன், அவ்வளவு வேகம் வேறெதிலும் வரவில்லை. நாற்பதைத் தாண்டினால், அதுவும் வாடிக்கையாளர் மனம் மாற்றுகிற ஆள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தால், இம்ப்ரெஸ்ஸைத் திறந்து ஸ்டைல்.

சதாபிஷேகத்துக்கு முதல் நாள் பெரியம்மா மறுபடி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். எல்லோரும் இளம்பச்சையில் இருப்பதைப் பார்த்தார். தன் பெட்டிக்கு மட்டும் குங்கும நிறத்தில் கரை வேண்டும் என்றார். “ஒருத்தருக்கு மட்டும் போட்டா மத்தவங்க கேப்பாங்களே பெரியம்மா” என்றேன். “ஒரு தடவை செத்துப் பொழச்சவ நான் ஒருத்திதானே” என்றார். பிரஷ்ஷும் எடுக்கவில்லை, ஸ்டைலும் போடவில்லை. எஸ்கேப்பை இரண்டு முறை அழுத்திவிட்டு, அந்த ஒரு கரையைக் கையால் போட்டேன்.